கம்பி வைத்த கால்

கருப்பம்மாளுக்குத் தன் புருசன் ஒச்சப்பன் மேல் இருந்த மரியாதை கால் ஒடிந்த அன்றைக்குப் போகவில்லை. அது போய் இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கால் ஒடிந்த பிறகு, இன்னும் யார் யார் மேல் மரியாதை வைத்தது வீண் என்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

அகரத்தில் ரோட்டை ஒட்டி அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். பட்டாவில் ஒச்சப்பன் பேர் இருந்தது. செடியில் அவள் கை இருந்தது. களை எடுப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது, விடியுமுன்னே மொக்கு பறிப்பது எல்லாம் அவள். பறித்த மொக்கை மூட்டை கட்டி மொபெட்டில் வைத்தால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது ஒச்சப்பன். அதற்கு அவன் வைத்திருந்த பேர் வியாபாரம். "வியாபாரத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவான். பிறகு மத்தியானம் வரைக்கும் ஆளைப் பார்க்க முடியாது.

அந்தக் கார்த்திகை மாதக் காலையில் அவளும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். பூ ஈரமாக வருகிறது என்று கடைக்காரர் சடைத்துக்கொள்வதாக ஒச்சப்பன் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்வதில் பாதிதான் நிஜமாக இருக்கும் என்பதால் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள்.

தாடிக்கொம்பு தாண்டியதும் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தைப் பொங்கல் கபடிப் போட்டிக்கு யாரைத் தலைமைக்குக் கூப்பிடுவது என்று பேச ஆரம்பித்தான்.

"நிப்பாட்டிட்டுப் பேசுங்க" என்றாள் கருப்பம்மாள்.

"செத்த சும்மா இரு புள்ள. முக்கியமான விஷயம்."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று. வண்டி அதே வேகத்தில் ஏறி இறங்கியது. ஒச்சப்பன் வண்டியிலேயே இருந்தான். பூ மூட்டையும் வண்டியிலேயே இருந்தது. கருப்பம்மாள் மட்டும் தூக்கி எறியப்பட்டு, ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் கட்டையில் வலது தொடை மோத விழுந்தாள். முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். தன் உடம்புக்குள்ளிருந்துதான் அது வந்தது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குனிந்து பார்த்தாள். மடங்கவே கூடாத இடத்தில் தொடை மடங்கியிருந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வேறு யாருடைய பாதமோ போலக் கிடந்தது.

ஒச்சப்பன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். போனில், "செத்த இருங்கண்ணே, இங்கிட்டு ஒரு சின்னப் பிரச்சினை" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒச்சப்பனின் தம்பி அய்யனாரும் வந்து சேர்ந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் தலைவர் படம், ஊரில் எந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நின்று தீர்மானிக்கிற பழக்கம். தன் சொந்த வீட்டில் எதையும் தீர்மானிக்க அவனை விடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கத்திய வச்சிருவாய்ங்க" என்றான் அய்யனார். "எண்ணெய்க் கட்டு கட்டுற ஆளு எனக்குத் தெரிஞ்சவருண்ணே. மூணே கட்டு. மதினி எந்திரிச்சு ஓடும்."

"அதுக்கு பத்தியம் இருக்கணும்ல" என்றார் ஒருவர். "தொடைன்னா ஆறு மாசம் ஆகும்" என்றார் இன்னொருவர். ஒச்சப்பன் எல்லார் சொன்னதற்கும் தலையாட்டினான். மாட்டுக்குக் கால் முறிந்தால் நாலு பேர் கூடி நின்று பேசுவார்கள், மாட்டிடம் யாரும் கேட்பதில்லை. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் அவளுக்கு அது தோன்றியது.

"ந்தா, அந்தப் போனக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்க."

கொடுத்தான். மறுமுனையில் ஆள் இன்னும் இருந்தார். "அண்ணே, கபடிய அப்புறமேல்ட்டு பேசிக்கங்க" என்று சொல்லி அதைத் துண்டித்துவிட்டு, நூற்றெட்டுக்கு அவளே அடித்தாள். எந்த ரோடு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கால் என்று நிதானமாகச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வரும்வரை யாரையும் காலைத் தொட விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் காலை நீட்டிக் கட்டை வைத்துக் கட்டியபின், விபத்துப் பதிவேட்டோடு ஒரு டாக்டர் பெண் வந்தாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள்.

"பின்னாடி உக்காந்து தூங்கிட்டா மேடம்" என்றான் ஒச்சப்பன். "ராத்திரியெல்லாம் முழிச்சுப் பூப் பறிக்கிறதுல்ல. அசந்துட்டா."

கருப்பம்மாள் அவனைப் பார்க்கவில்லை. "இவரு போன் பேசிக்கிட்டு ஓட்டுனாரு. வேகத்தடையில தூக்கி எறிஞ்சுருச்சு. நான் முழிச்சுத்தான் இருந்தேன். எழுதிக்கங்கம்மா."

டாக்டர் பெண் கருப்பம்மாள் சொன்னதையே எழுதினாள். ஆனால் பதிவேட்டில் எழுதியது பதிவேட்டோடு நின்றுபோயிற்று. ஊரில் ஒச்சப்பன் சொன்னதுதான் நின்றது.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பு நடுவில் இரண்டாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அது இறங்குவதற்காக முழங்காலுக்குக் கீழே எலும்பில் குறுக்காக ஒரு கம்பியை ஓட்டி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றுகிற ரத்தத்துக்குப் பதிலாக உறவுக்காரர் யாராவது வந்து கொடுத்தால் நல்லது, எந்தக் குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று நர்ஸ் சொல்லிப் போனாள்.

அகரம் பஸ் ஸ்டாப்பில் அய்யனாரின் படம் போட்ட பேனர் ஒன்று ஒரு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாபெரும் ரத்ததான முகாம், வருக வருக என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்பான். ஒச்சப்பன் அவனைத்தான் கேட்டான். அய்யனார் யோசித்தான்.

"காலையில தலவலி மாத்திர ஒண்ணு போட்டேண்ணே. மாத்திர போட்டா குடுக்கக் கூடாதுன்னு சொல்வாய்ங்க. நாளைக்குப் பாப்பம்."

ஒச்சப்பனுக்குச் சர்க்கரை இருந்தது, ஊசி போடுகிற அளவுக்கு. அது நிஜம். திருப்பூரிலிருந்து மகன் விக்னேஷ்குமார் கிளம்பி வந்துகொண்டிருந்தான், வந்து சேர ராத்திரி ஆகும். பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நஜ்முன்னிசா என்கிற பேகம்பூர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்த தன் மகன் அஸ்பாக்கிடம் என்னவோ சொன்னாள். அவன் தோல் மண்டியில் வேலை பார்க்கிறவன், நாற்பது வயது இருக்கும். டிபன் கேரியரை வைத்துவிட்டு நேராக ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, தன் அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தான். கருப்பம்மாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எதுக்குங்க இதெல்லாம்" என்றாள் கருப்பம்மாள்.

"அவன் வருஷத்துக்கு ரெண்டு தரம் குடுக்குறவன்தான். பேனரெல்லாம் வைக்கிறதில்ல" என்றாள் நஜ்முன்னிசா.

ஆபரேஷன் எட்டாம் நாள் நடந்தது. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு அவளுடையதாக இல்லாமல் போயிற்று. முகத்துக்கு நேரே பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் துளை போடுகிற இரைச்சல். பிறகு சுத்தியல். இடுப்புப் பக்கத்திலிருந்து தொடை எலும்புக்குள்ளே நீளமாக ஒரு கம்பியை இறக்கி, மேலேயும் கீழேயும் திருகாணி போட்டு முடுக்குவார்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அடிக்க அடிக்க அவள் தலை மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்தது. வலி இல்லை, அடி மட்டும் இருந்தது. "இன்னும் கொஞ்சம்", "படம் எடுங்க", "திருகாணி குடுங்க" என்பதற்கு மேல் அங்கே யாரும் பேசவில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைப் பெருமை பேசாமல் செய்து முடிப்பதை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டாள். வார்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சுத்தியல் சத்தம் காதில் இருந்தது. அதை அவள் வெறுக்கவில்லை.

பிறகு பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வந்தன. ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் கால் ஒடிந்து செத்துப்போன யாராவது ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள்.

"எங்க சின்னாத்தாளுக்கும் இப்பிடித்தான் கம்பி வச்சாக" என்றாள் ஒருத்தி. "உள்ளயே துருப்பிடிச்சுப் போச்சு."

"யாரு உள்ள போய்ப் பாத்தது?" என்றாள் கருப்பம்மாள்.

வந்தவள் ஆரஞ்சுப் பழத்தை ஒச்சப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளை வராந்தா வரைக்கும் கொண்டுபோய் விட்ட ஒச்சப்பன், பூப் பறித்த அசதியில் பின்னால் உட்கார்ந்து தூங்கியதால் வந்த வினை இது என்று சொன்னது ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை கேட்டது. முதலில் அவன் கதையில் அவள் லேசாகக் கண் அசந்தாள். ஒரு வாரத்துக்குள் குறட்டையே விட்டாள். அவள் மறுத்துப் பேசவில்லை. மறுப்பதற்கு எதிராளி கொஞ்சமாவது ஆளாக இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கால் பயிற்சி கொடுக்க ஜெரோம் என்று ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், குரலே எழும்பாது. முட்டியை மெத்தையோடு அமுக்கிப் பத்து எண்ணச் சொன்னார். இதற்குப் படிப்பு வேறு படித்துவிட்டு வருகிறார்களா என்று அவரையும் அவள் அலட்சியமாகத்தான் பார்த்தாள். மூன்றாம் நாள் வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"பாரத்தை ரெண்டு கையிலயும் இடது கால்லயும் போடுங்கம்மா. வலது கால் தரையைத் தொட்டா போதும், ஊன்றக் கூடாது."

இதென்ன பெரிய வேலை என்று எழுந்தாள். வார்டு ஒரு சுற்றுச் சுற்றியது. நெற்றி வேர்த்தது, நாலு எட்டு வைப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஜெரோம் அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும் அழுகை வந்தது. ஒடிந்தபோது வராத அழுகை. ஐம்பத்திரண்டு வயதில் நாலு எட்டுக்கு அழுகிறோமே என்று தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"நல்லா அழுவும்மா. யாரும் பாக்கல" என்றாள் நஜ்முன்னிசா.

"நீங்க பாக்குறீகளே."

"நான் இன்னும் கண்ணாடியே போடல."

மறுநாள் பன்னிரண்டு எட்டு. அதற்கடுத்த நாள் வார்டுக் கதவு வரை. தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது ஜெரோம் சொன்ன பயிற்சிகள் ஒன்றுவிடாமல் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தன. அவரைப் பற்றி நினைத்ததை மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டாள். அவள் அப்படி வாபஸ் வாங்குவது அபூர்வம்.

வீட்டில் குத்தவைக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. வெளிக்குப் போக, நடுவில் ஓட்டை போட்டு அடியில் பாத்திரம் வைத்த நாற்காலி ஒன்று வேண்டியிருந்தது. அதை டவுனில் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வந்த ஒச்சப்பன், ஊர் பார்த்துவிடும் என்று அதன்மேல் வேட்டியைப் போர்த்தியிருந்தான். வேட்டி போர்த்திய உருவம் ஒன்று பின்னால் அசையாமல் வருவதைக் கண்டு, எந்தச் சாமியாரைக் கூட்டி வருகிறான் என்று தெருவே எட்டிப் பார்த்தது.

மருமகள் ஜீவிதா திருப்பூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் போனாள். அப்புறம் ஒச்சப்பன்தான். சோறு குழைந்து களியானது. வெஞ்சனம் என்று அவன் வைத்ததில் உப்பும் கத்தரிக்காயும் தனித்தனியாக இருந்தன. ஆனால் அந்த நாற்காலிப் பாத்திரத்தைத் தினமும் காலையில் அவன்தான் எடுத்துக் கொட்டிக் கழுவினான். முகம் சுளிக்கவில்லை. கருப்பம்மாள் அதைக் கவனித்தாள். மனசு கொஞ்சம் இளகவும் செய்தது. ஒரு வாரம் அப்படியே போயிருந்தால் அவனிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

ஐந்தாம் நாள், கூடப் பூப் பறிக்கிற முத்துப்பேச்சி வந்தாள். "அக்கா, மச்சான் டீக்கடையில உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்காரு. பொண்டாட்டி பீய அள்ளுறதுக்கு எம்புட்டு மனசு வேணும்னு. நாலு பேரு அவரு கையப் புடிச்சுக் கும்புடுறாக."

இளகினது அன்றோடு சரி.

தை பிறந்தது. மல்லிகைச் செடியை மார்கழிக்குள் கவாத்து வெட்டி விட வேண்டும். நீண்ட கொப்பையெல்லாம் வெட்டிக் குட்டையாக்கி இலையை உருவிவிட்டால்தான் பங்குனியில் மொக்கு வரும். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கவாத்து வெட்டியாச்சா?"

"எப்பவோ வெட்டியாச்சு. அய்யனாருதான் நின்னு பாத்துக்கிட்டான்."

"போட்டோ எடுத்துட்டு வாங்க."

சாயங்காலம் போனில் காட்டினான். வரிசை வரிசையாக அழகாக வெட்டிய செடிகள். கருப்பம்மாள் போனைக் கையில் வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நம்ம தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் என்னைக்குப் போட்டீக?"

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தான். செடிகளின் அடியில் கறுப்புக் குழாய் நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அது அதே ரோட்டில் இருந்த நாச்சிமுத்துவின் தோட்டம். அவளுக்கு வாய்க்கால் பாசனம்தான்.

"வெளிச்சம் பத்தல, அதான்" என்றான்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. பொய் சொல்வதற்குக்கூட நாலடி நடந்து வேறு தோட்டம் பார்க்கச் சோம்பல்பட்டு, முதலில் கண்ணில் பட்டதைப் படம் பிடித்திருக்கிறான். அவளுக்குப் பொய்யைவிட அந்தச் சோம்பல்தான் கேவலமாகப் பட்டது.

ஆறாவது வாரப் பரிசோதனையில், ஒடிந்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரிப் புது எலும்பு வளர்ந்திருப்பதை டாக்டர் படத்தில் காட்டினார். பாதிப் பாரம் போட்டு நடக்கலாம் என்றார். அன்றிலிருந்து தெருவில் நடந்தாள். முதல் நாள் இருபது எட்டு. அப்புறம் கோயில் வரை. வாக்கர் காலின் ரப்பர் தேய்ந்து ஒரு தடவை மாற்றியாயிற்று. வாசலில் நின்று உச்சுக் கொட்டியவர்களை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. உச்சுக் கொட்டுகிறவர்களில் ஒருத்தி கூட ஒரு வேளைச் சோறு கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் வாக்கரோடு தோட்டத்துக்குக் கிளம்பினாள். முத்துப்பேச்சி பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். வழியில் அய்யனார் காரை நிறுத்தினான்.

"மதினி, ஏறுங்க. நான் கொண்டுபோய் விடுறேன்."

"தலவலி எப்பிடி இருக்கு அய்யனாரு?"

"எனக்கெங்க மதினி தலவலி" என்றான் அவன், புரியாமல். அவள் நடந்தாள்.

தோட்டம் அவள் நினைத்தபடியே இருந்தது. கொப்புகள் ஆளுயரத்துக்குச் சாட்டை மாதிரி நீண்டு பின்னிக் கிடந்தன. அருகம்புல் செடி மேலேயே ஏறியிருந்தது. மோட்டார் ரூமில் பாய் விரித்திருந்தது, சீட்டுக்கட்டு கிடந்தது, மூலையில் காலிப் பாட்டில்கள். நின்று பார்த்துக்கொண்டதாகச் சொன்னவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரிந்தது. பாயைச் சுருட்டி வெளியே எறியச் சொன்னாள்.

முத்துப்பேச்சியோடு இன்னும் மூன்று பெண்களை வரச் சொல்லியிருந்தாள். வரப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தக் கொப்பை விடுவது, எந்த உயரத்தில் வெட்டுவது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வரிசை முடிந்ததும் எழுந்து, நாற்காலியை நகர்த்தச் சொல்லி, அடுத்த வரிசை. நாலு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஒச்சப்பனும் வந்து அரிவாளை எடுத்தான். அவன் வெட்டிய இரண்டு செடியைப் பார்த்தாள்.

"நீங்க வெட்ட வேணாம், வெட்டிப் போட்டதக் கூட்டி அள்ளுங்க, போதும்" என்றாள். அவன் அள்ளினான். அதை நன்றாகவே செய்தான்.

தாமதமாக வெட்டியதால் பங்குனி முகூர்த்தங்களுக்கு அவள் தோட்டத்தில் ஒரு மொக்கு இல்லை. சித்திரை பாதியில்தான் கொப்புகளில் பச்சை அரிசி மாதிரி எட்டிப் பார்த்தன. அதற்குள் அவள் வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்திருந்தாள். வைகாசியில் கோலையும் விட்டாள். வலது கால் அரை விரற்கடை குட்டை. செருப்பின் அடியில் ஒரு தோல் கூடுதலாக ஒட்டிக் கொடுக்கச் சொல்லி அஸ்பாக்குக்குப் போன் செய்தாள். அவன் நல்ல தோலாகப் பார்த்து ஒட்டி அனுப்பினான். குனிந்து நிமிர முடிந்தது, குத்தவைக்க முடியவில்லை. நின்றுகொண்டே பறிக்கிறாள். முன்பு பறித்ததில் முக்கால்வாசி வருகிறது.

பூ மூட்டையை இப்போது முத்துப்பேச்சி வீட்டுக்காரனின் ஆட்டோ கொண்டுபோகிறது. ஒச்சப்பனுக்கு வியாபாரம் இல்லை. ஆனாலும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகத் தவறுவதில்லை.

ஆனியில் கடைசிப் பரிசோதனை. படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பு முழுசாகக் கூடிவிட்டது என்றார். ஒச்சப்பன் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"உள்ள இருக்கிற கம்பிய இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வேணும்னா எடுத்துரலாம்மா. எடுக்கலைன்னாலும் தப்பில்ல. தொந்தரவு இல்லாட்டி அப்பிடியே விட்டுறலாம். உங்க விருப்பம்."

கருப்பம்மாள் தொடையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சார். எங்க வீட்டுல நிமிந்து நிக்கிறது அது ஒண்ணுதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தாள். ஒச்சப்பனும் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அது புரியவில்லை என்பதை அவள் பார்த்தாள். புரிய வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.